அசோகன் வீட்டுப் பீரோவும் ‘அளத்து நண்பர்கள்’ குழுவும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் அசோகனின் இரும்புப் பீரோவைத் தூக்கப்போவதில்லை என்று கௌதமன் உறுதி பூண்டான். சிக்கல் ஒன்றுதான். அந்த உறுதி மனைவி மலர்கொடிக்கு இன்னும் தெரியாது.

அசோகன் பெரிய முதலியார்சாவடியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபெயர்கிறான். படி குறுகல், பீரோ அகலம். சென்ற முறை அவனுடைய கிரைண்டரைத் தூக்கிவிட்டுக் கௌதமன் பல நாள் கேள்விக்குறியாக நடமாடினான். தவிரவும், அந்த ஞாயிறன்றுதான் கிரிக்கெட் இறுதிப் போட்டி.

மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் கொட்டகை அவன் பொறுப்பு. பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுவது, பாய்கிறதா என்று பார்ப்பது, மிஞ்சும் நேரமெல்லாம் போனைப் பார்ப்பது. ‘அளத்து நண்பர்கள்’ வாட்ஸ்அப் குழு அவன் உயிர். ‘ஆண்கள் மட்டும்’ என்ற விதியை எழுதியவனும் அவனே. காலையில் வானத்தின் படம். அப்புறம் ‘டீ ஆச்சா?’, வெயில் ஏறினால் ‘இன்னா கொழம்பு?’. பாத்தியில் உப்பு வாரும் தங்கராசும் சவரிமுத்தும் உடனுக்குடன் பதில் தருவார்கள். ‘மத்தி மீன் கொழம்புல மாங்கா போட்டா வாசன தூக்கும்’ என்று தங்கராசு எழுதியபோது, இந்த முரட்டு ஆளுக்குள் இப்படியொரு சமையற்காரனா என்று கௌதமன் நெகிழ்ந்ததுண்டு.

வெள்ளிக்கிழமை காலை, குழுவில் மனத்தைத் திறந்தான்.

“பீரோ தூக்காம தப்பிக்கணும். மலருகிட்ட இன்னா சொல்றது?”

“முதுகு வலின்னு சொல்லேன்” என்று சவரிமுத்துவின் எண்ணிலிருந்து பதில் வந்தது.

“போன தபா அப்படிச் சொல்லி, மாமியார் எண்ணெய் காய்ச்சி ஊத்திட்டாங்கப்பா.”

“அப்ப மழைன்னு சொல்லு” என்றது தங்கராசின் எண். “கோட மழ வருது, உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போடணும்னு சொல்லு. அளத்துக்காரன் பொண்டாட்டி மழைக்கு எதிரா பேச மாட்டா.”

கௌதமன் நிமிர்ந்து பார்த்தான். தொலைவில், கணுக்கால் அளவு நீரில் நின்றபடி, தங்கராசு இரு கைகளாலும் உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். ‘இத்தனை வேலைக்கு நடுவிலும் நமக்குப் பதில் எழுதுகிறானே!’ கௌதமனின் கண்கள் பனித்தன.

அன்று மாலை, குரலைத் திடப்படுத்திக்கொண்டு தொடங்கினான்.

“மலரு, ஞாயித்துக்கெழம மழையாம்.”

மலர்கொடி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “அப்படியா?”

“குவியலுக்குத் தார்ப்பாய் போடணும். நான் இல்லன்னா அங்க ஒண்ணும் ஆவாது.”

“பெரிய மழையா?”

“பேய் மழ!”

“காத்தும் அடிக்குமா?”

“தென்னமரமே சாயுமாம்!”

“அப்ப நீங்க அளத்துக்குத்தாங்க போவணும்.”

மறுப்பு இல்லை; முறைப்பு இல்லை. மணவாழ்க்கையில் இவ்வளவு எளிதாக அவள் இணங்கியதே இல்லை. நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவனுக்கு வேர்வை வந்தது.

“நல்லவேள சொன்னீங்க” என்று கத்தியைக் கழுவினாள் மலர்கொடி. “பேய் மழையில பீரோ ஏத்துனா துருப்புடிச்சிடாது? நாளைக்கே ஏத்திடலாம். ஞாயித்துக்கெழம நீங்க நாள் பூரா நிம்மதியா தார்ப்பாய் போடுங்க. வண்டிக்குச் சொல்லியாச்சு.”

“சொல்லியாச்சா? எப்ப?”

“காலைல.”

“நான் மழைன்னு சொன்னதே இப்பதானே?”

“இப்பல்லாம் மழ வர்றது முன்னாடியே தெரிஞ்சிடுதுங்க.”

மறுநாள் நண்பகலில், வேலை முடிந்த கையோடு, அளத்து வாசலில் குட்டி யானை வண்டி நின்றது. வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. வண்டியின் பின்புறம் தங்கராசும் சவரிமுத்தும் முகத்தைத் தொங்கப்போட்டபடி ஏற்கெனவே அமர்ந்திருந்தார்கள். ‘வூட்டுல போவச் சொன்னாங்க’ என்பதற்கு மேல் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

அசோகன் வீட்டு மாடிப்படியில் மேலே தங்கராசு, கீழே கௌதமன், இடையே பீரோ. “லெஃப்ட்ல, லெஃப்ட்ல” என்று வழிகாட்டும் பணியைச் சவரிமுத்து முந்திக்கொண்டு ஏற்றிருந்தான். அடுக்களையில் பெண்களின் சிரிப்பொலி.

“ஏம்பா தங்கராசு, மழைன்னு சொல்லச் சொல்லி நீதானே மாட்டிவுட்ட?” என்று பல்லைக் கடித்தான் கௌதமன்.

“நானா? எப்ப?”

“நேத்து காலைல. குரூப்புல.”

“காலைல எங்கிட்ட ஏதுப்பா போனு? அளத்துக்கு எடுத்தாந்தா உப்புத் தண்ணி அரிச்சிடுது. உன்ன மாதிரி கொட்டாயிலயா குந்தியிருக்கோம்? எங்க போனெல்லாம் சாயங்காலம் வரைக்கும் வூட்டுலதான்.”

“அப்ப… குரூப்பு?”

“அத எம் பொண்டாட்டி பாஞ்சாலதான் பாக்குது.”

“சவரி, உன் வூட்டுல?”

“மேரிசெல்விதான். ஏன், மெசேஜ் எதுனா வந்துச்சா?”

கௌதமனின் சட்டைப்பை அதிர்ந்தது. பீரோவைப் படியில் இறக்கி, தோளால் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் போனைத் திறந்தான். எதிரே இரு கைகளாலும் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கராசிடமிருந்து புதிய செய்தி வந்திருந்தது:

“அண்ணே, குனியாதீங்க, முட்டிய மடக்கித் தூக்குங்க. மத்திக் கொழம்புல மாங்கா போட்டாச்சு.”