எட்டு வரிக் காமிராவும் டவுட்டு அண்ணனும்

ஆடலூர் மலையில் கடவுளையே சந்தேகப்பட்ட ஒரே ஆள் டவுட்டு அண்ணன்தான். சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். டீக்கடையில் கிளாஸை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க" என்று கடைக்காரரிடமே நீட்டுவார்.

அவர் ஒரு காப்பித் தோட்டத்துக் காவல்காரர். நான், காட்டுமாடு இறங்குவதைப் பார்க்க அங்கே வயரில்லாக் காமிரா மாட்டப் போனவன். இரண்டாயிரமாவது வருஷம் தாண்டிய புதுசு. தன் வேலைக்கு வேட்டு வைக்க வந்தவன் என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டார். நான் போகிற இடமெல்லாம் ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னால் அவர் தலை தெரியும்.

"இம்புட்டூண்டு பெட்டிக்குள்ள முழுப்படம் எப்படித் தம்பி அடங்கும்?"

"அடங்காதுண்ணே. இதுக்கு ஞாபகம் கம்மி. மேலருந்து எட்டு வரி பாக்கும், சுருக்கும், லேப்டாப்புக்கு அனுப்பும், மறந்துரும். அப்புறம் அடுத்த எட்டு வரி. ஒரு படம் முடிய ஒரு நிமிஷம் ஆகும்."

"மறந்துருமா! வெளங்கிரும். இதை நம்பியா காவலை விடுறீக?"

ஒருநாள், மிளகு காயவைக்கும் களத்தில் இருந்த மூட்டையைக் காணோம். முதலாளி நேரே என் லேப்டாப்புக்கு வந்தார். களத்தைப் பார்த்து மாட்டிய காமிராவிலிருந்து காலையில் வந்த படத்தில் மேல்பாதியில் என் மூஞ்சி. கீழ்பாதியில் இரண்டு கால், இடுப்போடு அணைத்த மூட்டை. சுருக்கிச் சுருக்கி அனுப்பியதில் வேட்டியா பேண்ட்டா என்றுகூடத் தெரியவில்லை.

"வெள்ளனே காமிராக் கண்ணாடி தொடைக்கப் போனேங்க. தொடைச்சிட்டு, களத்துல எதுக்க நின்னு பாத்துட்டு டீக்குடிக்கப் போயிட்டேன்."

"படம் பொய் சொல்லுமாய்யா? நட ஸ்டேஷனுக்கு!"

காமிராவை மாட்டியவன் நானே; ஆனாலும் அந்த எட்டு வரிக் கணக்கு அப்போது என் புத்தியில் தட்டவே இல்லை. வேலை போச்சு, மானம் போச்சு, அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் ஓடியது.

"தலைதான் தம்பியோடது மொதலாளி. காலு என்னுது," என்றார் பின்னால் நின்ற டவுட்டு அண்ணன்.

முதலாளி திரும்பினார்.

"தம்பி களத்துல நின்னது எனக்கு டவுட்டா இருந்துச்சு. அவரு அங்கிட்டு நகந்ததும் மூட்டையைத் தூக்கிட்டுப் போயி என் கட்டிலுக்கடியில ஒளிச்சிட்டேன். அந்தப் பெட்டி தம்பி தலையைப் பாத்து அனுப்பிட்டு, காலைப் பாக்கையில நான் வந்துட்டேன். வேணும்னா இப்பவே நிக்க வச்சுப் பாருங்க."

முதலில் நான், பாதிப் படம் வந்ததும் அதே இடத்தில் அவர் என்று நின்று பார்த்தோம். என் தலைக்கு அவர் கால் அச்சாக முளைத்தது. மூட்டையும் கட்டிலுக்கடியில் பத்திரமாகக் கிடந்தது.

"அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" முதலாளி கத்தினார்.

"ஒங்க மேலயும் டவுட்டு இருந்துச்சுங்க."

"அடப்பாவி! மூட்டை ஒன் கட்டிலுக்கடியில ஆம்பிட்டிருந்தா ஒன் சோலியே போயிருக்கும்டா. இப்ப மட்டும் எதுக்கு வாயைத் தொறந்த?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் சந்தேகப்படலாம் மொதலாளி. வேற ஆளு தம்பியைச் சந்தேகப்பட்டா மனசு தாங்கல."

அதற்கப்புறம் எத்தனையோ பேர் என்னை நம்பியிருக்கிறார்கள். அந்த மனுஷன் என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி வராது.