கீர்த்தியின் எடையில் கழித்த ஒரு கிலோ

திருவொற்றியூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி சிவந்திக்கு, அக்கா ராமசெல்வி எழுதுவது. பெங்களூரில் நீயும் உன் மனைவியும் நலமென்று நம்புகிறேன். இங்கே நீங்கள் என்னிடம் விட்டுப்போன உன் மகள் கீர்த்தி நலம், எடை கூடியிருக்கிறாள். நேற்றுக் காலை இதை எழுதியிருக்க முடியாது, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

பால், முட்டை, மீன் எதுவுமில்லாமல் இரண்டு வயதுக் குழந்தையை வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். போன மாதம் டாக்டர் பதினொரு கிலோ என்று குறித்து, ஒரு மாதத்தில் கூடாவிட்டால் பாலும் முட்டையும் தொடங்கச் சொன்னார், நீங்களும் சம்மதித்தீர்கள். கேழ்வரகுக் கூழ், முளைகட்டிய பயறு, பி12 சொட்டு மருந்து என்று நீ எழுதிக் கொடுத்த தாளிலிருந்து இம்மி பிசகாமல் ஊட்டினேன். நேற்று டாக்டரிடம் போகுமுன் மனசு கேட்காமல், எதிரே மீன் விற்கும் செல்லம்மாவின் பெரிய தராசில் குழந்தையைக் கூடையோடு உட்காரவைத்தால், "பத்து கிலோக்கா" என்கிறாள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, மீன் வாங்க வந்த கோதண்டம் வேறு, "இன்னா டீச்சரம்மா, கொயந்தைக்கு வெறும் புல்லா போட்டுகினு கீறீங்க?" என்கிறார், அப்படியே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். டாக்டர் வீட்டில் பதினொன்று இருநூறு! திரும்பி வந்து செல்லம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"பத்து எப்படி வந்தது?"

"கூடைக்குக் கழிச்சேன். அப்பால ஐஸ் தண்ணிக்கு ஒரு கிலோ கழிச்சேன்."

"குழந்தைக்கு ஏது ஐஸ்?"

"கை பழக்கம்கா. நீ வேற தலைக்கு ஊத்தி ஈரத்தோட இட்டாந்துகீற."

இருபது வருடம் கெமிஸ்ட்ரி லேபில் எடைபோடக் கற்றுக்கொடுத்தவள் நான், அங்கேயே கேட்கத் தோன்றவில்லை பார். போகட்டும். உங்கள் வழி சரி, என் சந்தேகங்களை வாபஸ் வாங்குகிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழுங்கள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: கீர்த்தி நேற்றுப் போட்டிருந்த கவுனைத் துவைக்க எடுத்தால், பையில் செல்லம்மாவின் இருநூறு கிராம் எடைக்கல். தராசிலிருந்து இறங்கும்போது எடுத்திருக்கிறாள். டாக்டர் வீட்டிலும் அது கூடவே ஏறியிருக்கிறது. ஆக, அதே பதினொரு கிலோதான். டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன். பேசியபடி நாளையிலிருந்து பாலும் முட்டையும். கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். செல்லம்மா வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்குத்தான்கா கழிக்கிறது."