என் இறுதிச் சடங்குக்கு வர வேண்டாம்

சிலிஸ்த்ரா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ஸஹாரிக்கு,

அண்ணன் லுபென் எழுதுவது. நான் நலம். இதை மரியாதைக்காக எழுதவில்லை, செய்தியாகவே எழுதுகிறேன். உன் நலத்தையும் வெசெலினாவின் நலத்தையும் ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து விசாரிக்கிறேன். பூர்காஸில் கடற்காற்று உன் மூட்டுகளுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நேற்று உன் போனுக்கு வந்த மரண அறிவிப்பில் ஒரே ஒரு பிழை உண்டு. நான் சாகவில்லை. மற்றபடி பெயர், பிறந்த தேதி, வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மழை அளந்தது எல்லாம் சரி. நடந்தது இதுதான். மனைவியும் போய்விட்டாள், பிள்ளையும் இல்லை, நாளை யார் அலைவது என்று நானே என் சடங்கைத் திட்டமிட உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் அதற்கும் போனில் ஒரு செயலி இருக்கிறது. பெட்டியின் மரம், பாதிரியார், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே வந்தது, நானும் நிரப்பிக்கொண்டே போனேன், திடீரென்று இறந்த தேதி என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த பக்கம் நகராது. வருங்காலத் தேதியை ஏற்கவில்லை. சரி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அன்றைய தேதியையே போட்டேன். சடங்குக்கு எனக்கு வேலை இல்லாத வியாழக்கிழமையைப் போட்டேன். கடைசியில் 'சேமி', 'வெளியிடு' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. பெரிதாக இருந்ததை அழுத்தினேன்.

ஒரு மணி நேரத்தில் ஒருவன் பசை வாளியோடு வந்து கறுப்புக் கரை போட்ட என் மரண அறிவிப்புத் தாளை வாசல் கதவிலும் எதிர் மரத்திலும் ரொட்டிக் கடைச் சுவரிலும் ஒட்டிவிட்டான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். படம் எண்பத்து மூன்றில் எடுத்தது, நன்றாகவே இருந்தது. கீழ் வீட்டு ருஸ்கா ஆறு கார்னேஷன் பூவோடு படியேறி வந்தாள். கதவைத் திறந்தது நான்.

"அடப்பாவி மனுஷா! செத்தவரு கதவத் தொறக்கலாமா? என் உசிரே போயிருக்கும்!"

"சாகல ருஸ்கா. பொத்தான் மாறிப்போச்சு."

"பொத்தானா? நான் செத்தவரு பேரச் சொல்லிக் குடுக்க ரெண்டு கிலோ கோதுமைய வேக வெச்சு, சக்கரையும் வாதுமையும் போட்டுக் கிளறி வெச்சுட்டேன். இப்போ அத யார் பேருக்குக் குடுக்கறதாம்?"

சொல்லிக்கொண்டே ஒரு பூவைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு மிச்சம் ஐந்தை நீட்டினாள். செத்தவர்களுக்கு மட்டுமே உரிய இரட்டைப் படையில் உயிரோடு இருப்பவனுக்குப் பூ கொடுக்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் இரக்கமாகப் பேசினாள். "உங்க வருத்தம் புரியுது சார். ஆனா இறந்தவரே ரத்து பண்ண முடியாது. தாள்ல துக்கப்படுறவங்கன்னு யார் பேரு இருக்கோ, அவங்க கையெழுத்துப் போடணும்."

அங்கேதான் சிக்கல். அம்மா இறந்தபோது ஒட்டிய தாளில் உன் பெயர் விட்டுப்போனது அச்சடித்தவனின் தவறு. பார்த்த பிறகும், ஒட்டியாகிவிட்டது என்று நான் சும்மா இருந்தது என் தவறு. இதை ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூடச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். என் தாளுக்குப் பெயர் கேட்டபோது யோசிக்கவே இல்லை. உன் பெயர் ஒன்றைத்தான் போட்டேன்.

அந்தச் செயலி திறந்துவைத்த என் நினைவுப் பக்கத்தில் நீ எழுதியதைப் படித்தேன்: "என் பேரப் பாத்தேன். வியாழக்கிழமை வர்றேன்." அதற்குப் பதில் எழுதப் பார்த்தேன். கணக்கு உரிமையாளர் காலமாகிவிட்டார் என்று திரை மறுத்துவிட்டது. "போன்ல பேசுங்களேன், அதான் வேலை செய்யுதே?" என்றாள் ருஸ்கா. உன் எண்ணை 'எடுக்காதே' என்ற பெயரில் பதிந்து வைத்திருந்தேன். இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உன் ரத்த அழுத்தத்தை நினைத்து வைத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அது பொய். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஆகவே நீ வர வேண்டாம். வீணாக ஒரு நாள் பஸ்ஸில் குலுங்காதே. இத்துடன் இருக்கும் ரத்துப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். பாதிரியாருக்கும் பெட்டிக்காரருக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வெசெலினாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உயிரோடிருக்கும் அண்ணன்,
லுபென்

பி.கு: தபால் நிலையத்தில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். கடிதம் திங்கட்கிழமைதான் உனக்குக் கிடைக்குமாம். துரிதத் தபாலில் போட்டால் நாளைக்கே கிடைக்கும் என்று தபால் வாங்கும் அம்மாள் இரண்டு முறை சொன்னாள். வேண்டாம் என்று சொல்லி உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை பஸ் நிலையத்தில் உன் கையிலேயே கொடுக்கிறேன். என்னைக் கண்டு அலறாதே. படிவத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவேன். கொண்டுவந்தால் நீ அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாய்.