மலிவு சூப்பர் கம்ப்யூட்டரும் சர்புதீன் நானாவும்

பதினோராவது கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகியதும் மூன்றாம் மாடி முழுக்க இருண்டது. லிஃப்டுக்குள்ளிருந்து யாரோ படபடவென்று கதவைத் தட்டினார்கள்.

"அலமாக்! மறுபடியும் டிரிப் ஆயிருச்சு," என்றார் லேப் டெக்னிஷியன் மணியம், மழை தூறுகிறது என்று சொல்வதுபோல.

பிரேமலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜொகூரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒப்பந்த விரிவுரையாளர். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று யாரும் மூச்சுவிடவில்லை. கோலாலம்பூர் கூட்டத்துக்குக் கிளம்பும்போது டீன் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லை, கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்து ஒன்று செய்துவிடுங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன். வேலை நிலைப்பதற்கு இதுதான் பரீட்சை என்று பிரேமலா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு கம்ப்யூட்டர் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள்.

"எதிர்த்தாப்ல ஆபீஸ்ல பிளக் சும்மாதானே கெடக்கு? அங்கேருந்து ஒயர் இழுத்துரலாம் டாக்டர்," என்றார் மணியம்.

இழுத்தார்கள். இந்த முறை விளக்கு அணையவில்லை. ஆபீஸ் ஏர்கான் அணைந்தது. கூடவே பட்டென்று ஒரு சத்தம். பன்னிரண்டாவது கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்தது.

"ஸ்டோர்ல வேற இருக்காண்ணே?"

"தொடச்சு எடுத்தாச்சு டாக்டர்."

அன்றும் வெள்ளிக்கிழமை. எல்லாரும் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஆபீஸ் கிளார்க் சர்புதீன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மேசையில் இதே வயசுக் கம்ப்யூட்டர் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பிரேமலா அதைப் பார்த்தாள். மணியம் பிரேமலாவைப் பார்த்தார்.

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு லா. புதுசு தரப் போறாங்கன்னு அவரே சொல்லிக்கிட்டிருந்தாரு."

தொழுகை முடிந்து திரும்பிய சர்புதீன் மேசையில் திரை மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு நேரே லேபுக்கு வந்தார்.

"டாக்டர், என் கம்ப்யூட்டர்ல ஒரு முக்கியமான…"

"எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டேன் நானா! இப்பப் பாருங்க, புதுசு மாதிரி ஓடுது."

சர்புதீன் தலையில் கை வைத்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

"என்னண்ணே, அதுல ஏதாச்சும் வச்சிருந்தாரா?"

"தெரியல டாக்டர். இப்பத்தான் மக ஷஹீராவுக்கு நிக்காஹ் முடிச்சாரு. அந்தப் போட்டோவா இருக்குமோ?"

பிரேமலா கேன்டீனில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் வாங்கி மணியத்திடம் கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டு முடித்ததும் சர்புதீன் மறுபடி அவளைத் தேடுகிறார் என்று தகவல் வந்தது.

திங்கட்கிழமை வேறு குழப்பம். மழை கொட்டினால் காஹாங் ஊர்ப் பக்கம் வெள்ளம் எங்கே ஏறும் என்பதுதான் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்த கணக்கு. ஒற்றைக் கம்ப்யூட்டர் மத்தியானத்துக்குள் முடித்த அதே கணக்கைப் பன்னிரண்டும் சேர்ந்து சாயங்காலம்வரை இழுத்தன.

"எப்படிண்ணே? ஆளு கூடுனா வேலை சீக்கிரம் முடியணுமே?"

"ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கிட்டே நிக்குது டாக்டர். நம்ம டிபார்ட்மென்ட் மீட்டிங் மாதிரி."

ராத்திரியெல்லாம் யோசித்துக் கணக்கைப் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டிக் கொடுத்தாள். பேச்சு குறைந்தது, வேகம் கூடியது. சூடும் கூடி லேப் அடுப்பங்கரையானது. ஜன்னல்களைத் திறந்தார்கள். காற்று வரவில்லை, குரங்குகள் வந்தன. ஒன்று நெட்வொர்க் கேபிளை உருவித் தோளில் போட்டுக்கொண்டது. மணியம் துடைப்பத்தோடு பாய்ந்த நேரத்தில் வாசலில் சர்புதீன் நின்றார்.

"டாக்டர், ஒரே ஒரு நிமிஷம்…"

"இப்ப முடியாது நானா, குரங்கு!"

"இல்ல, டீன் இதப் பத்தி…"

டீனா! புகார் கொடுக்கப் போகிறார் மனுஷன்! பிரேமலா கேபிளையும் மறந்து பின்வாசல் வழியாக ஓடினாள்.

அதன் பிறகு அவள் பின்படிக்கட்டில்தான் ஏறி இறங்கினாள். அவர் போன் அடித்தால் எடுக்கவில்லை. கேன்டீனில் அவர் தலை தெரிந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றே சாப்பிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் தம்போயில் இருக்கும் அவள் வீட்டு கேட்டில் அவர் மோட்டார் சைக்கிள் வந்து நின்றதும் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டர்! டாக்டர்!" என்று கேட் கிடுகிடுத்தது.

வீடு தேடி வந்து அடிக்கிற அளவுக்கா கோபம்? நல்ல மனுஷனாயிற்றே! அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீன் வந்தார். விளக்கு அணையவில்லை, புகை வரவில்லை, குரங்குகளும் லீவு போட்டிருந்தன. தேநீர் ஆறுவதற்குள் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் கணக்கை முடித்துக் காஹாங் வெள்ளத்தைத் திரையில் நீலமாகக் காட்டின. எல்லாரும் கைதட்டினார்கள்.

"அடுத்த வருஷம் இதை ஐம்பதாக்கிடுங்க டாக்டர் பிரேமலா," என்றார் டீன்.

அடுத்த வருஷமா? தன்னைத்தான் சொல்கிறாரா, இல்லை மரியாதைக்கு ஒரு பேச்சா? சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

டீன் வெளியே போனதும் வாசலை மறித்துக்கொண்டு சர்புதீன் நின்றார். ஜன்னல் பக்கம் ஓடலாமென்றால் அது மூன்றாம் மாடி.

"நானா, என்னை மன்னிச்சிருங்க," என்றாள் அவள். "நிக்காஹ் போட்டோவ நான் வேணும்னு அழிக்கல. டீன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. எனக்கு இந்த வேலைய விட்டா வேற வழியில்ல."

சர்புதீன் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

"போட்டோவெல்லாம் மருமவன் போன்ல இருக்கு டாக்டர். கோலாலம்பூர் போறதுக்கு முன்னாடியே டீன் உங்க கான்ட்ராக்ட மூணு வருஷம் நீட்டிட்டாரு, அந்த லெட்டரத்தான் நீங்க அழிச்சீங்க. நானும் திரும்ப டைப் அடிச்சு உங்க கையெழுத்துக்குத்தான் ஒரு வாரமா துரத்துறேன், நேத்துதான் கடைசி நாளு."