மே மாதத்தில் கொட்டிய மழை

வேலையைச் சீக்கிரம் முடிப்பவனை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அந்தச் சலுகையை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அனுபவித்தேன், தொண்ணூறுகளின் நடுவில்.

என் அக்கா வசந்தி சென்னை மழையைப் பற்றி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். மாதவாரி மழையை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற கணக்கு. அவளுடைய புள்ளியியல் புரோகிராம் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை முனகும். (நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து முனகும்.) நானோ தி. நகரில் 'சி' கோர்ஸை அப்போதுதான் முடித்திருந்தேன். தலைக்கனத்துக்கு அது போதாதா?

"கணக்குப் போடற பாகத்தை மட்டும் சி-ல எழுதி கம்பைல் பண்ணித் தரேன். உன் புரோகிராம் அதைக் கூப்பிட்டுக்கட்டும்" என்றேன்.

என்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் விடை வந்தது. அக்கா வாயைப் பிளந்தாள்.

"சரியா இருக்குமாடா?"

"மொத்த மழையைப் பாரு. பழைய விடையோட அப்படியே ஒத்துப் போறது."

மாதவாரிப் படத்தை அவள் துறைக் கருத்தரங்கிலேயே போட்டுக் காட்டி அசத்தலாம் என்றும் நானே யோசனை சொன்னேன். அன்று கைடு சரி என்றால்தான் அவள் தீசிஸ் சமர்ப்பிக்க முடியும்.

கருத்தரங்கு அன்று அடையாறில், பேராசிரியர்கள் சூழ்ந்து நிற்க, திரையில் படம் வந்தது. பன்னிரண்டு மாதக் கட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நவம்பரைவிட மே மாதம் ஒரு பிடி கூடுதல்.

கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, மே மாசம் இவ்வளவு மழை பெஞ்சா, நாங்கள்லாம் எதுக்கு குடத்தோட தண்ணி லாரிக்குக் காத்துக் கிடக்கறோம்?"

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

பிறகுதான் விளங்கியது. அவள் புரோகிராம் அட்டவணையை மேலிருந்து கீழாக, எல்லா வருஷத்து ஜனவரியும் முதலில், பிறகு பிப்ரவரி என்று அனுப்பியிருக்கிறது. என்னுடைய சி அதை முதல் பன்னிரண்டு எண்ணும் ஒரு வருஷத்து ஜனவரி முதல் டிசம்பர், அடுத்த பன்னிரண்டும் அடுத்த வருஷம் என்று படித்திருக்கிறது. மாதங்கள் சாம்பார் சாதமாகிவிட்டன. எப்படிக் கலந்தாலும் மொத்தம் மட்டும் மாறவே மாறாது.

தீசிஸ் ஆறு மாதம் தள்ளிப்போனது. அக்கா பழிவாங்கக் காத்திருந்தாள். என் கல்யாணம் கத்திரி வெயிலில் நடந்தபோது மண்டபத்து வாசலில் பந்தல் நிழலிலேயே குடை பிடித்து நின்று, ஏன் என்று கேட்ட சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் முழுக்கதையும் சொன்னாள்.

இன்றும் ஊருக்குக் கிளம்பும்போது, "பெட்டியெல்லாம் எண்ணிட்டேன், மொத்தம் சரியா இருக்கு" என்பேன்.

"மொத்தம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பாள்.