நாக்கில் எழுதினால் படிப்பு வரும்

1988, பள்ளிக்கரணை. முழுப் பரீட்சைக்கு ஒரு மாதம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத கூட்டம் நாக்குச் சாமியார் கொட்டகையில்! தேனில் தொட்ட மயிலிறகால் பிள்ளையின் நாக்கில் சாமியார் ஓர் எழுத்து எழுதுவார். படிப்பு பிய்த்துக்கொண்டு வருமாம். தாம்பரத்திலிருந்து வந்த பஸ்களில் படியில்கூட இடமில்லை.

எட்டாவது படிக்கும் மகள் சாமுண்டீஸ்வரியை இழுத்துக்கொண்டு வந்திருந்தார் சிட்டிபாபு. வயலை மனை போட்டு விற்று, வீட்டைப் போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விட்டிருப்பவர். எழுத்து வாசனை அறியாதவர். பின்னாலேயே ஓடி வந்தார் சுந்தரவல்லி டீச்சர். பள்ளி முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் படிக்கப் பழக்குகிறவர்.

"ரெண்டு மாசமா இன்னா பண்ணிக்கினு கீறீங்க டீச்சர்? இன்னும் வெரல் வெச்சுத்தான் படிக்குது. இங்கயும் வரலன்னா, அதுக்குப் படிப்பு இல்லன்னு அர்த்தமாம். சாமியே சொல்லிட்டாரு. நாளையிலேர்ந்து வூட்லயே கெடக்கட்டும்."

சாமுண்டிக்கு அழுகை முட்டியது.

மேடையில் தாவணி போட்ட ஒரு பெண் நாக்கை நீட்டினாள். "இதுக்கு அ ஆ கூடத் தெரியாது!" என்று முழங்கிய சாமியார், எழுதி முடித்து, "யாராவது எட்டாவது தமிழ்ப் புத்தகம் குடுங்க!" என்றார். டீச்சர் முந்திக்கொண்டு, சாமுண்டியின் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். பிரவுன் பேப்பர் அட்டை போட்டுவிட்டால் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே முகம்தானே!

அந்தப் பெண் நடுப்பக்கத்தைத் திறந்து, "ஒட்டகம் பாலைவனத்தில் வாழும் விலங்கு..." என்று மூச்சுவிடாமல் பொழிந்தாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அதே பக்கத்தை நீ படி, சாமுண்டி" என்று புத்தகத்தை வாங்கி அவள் கையில் கொடுத்தார் டீச்சர்.

சாமுண்டி விரலை வைத்தாள். "பா...னி...பட்... போ...ரில்... பா...பர்..."

"ஒட்டகம் எங்கம்மா?" என்றார் சிட்டிபாபு.

"ஒட்டகம் இல்லப்பா. பாபர்தான் கீறாரு. இது சரித்திர புக்கு!"

கூட்டத்தில் படித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாபரேதான். முன்வரிசையில் எழுந்த சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவியது.

"சாமி, நீங்களாவது அந்த வரியைப் படிங்களேன்" என்று டீச்சர் புத்தகத்தை நீட்டினார். காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திய சாமியாருக்கு அந்த நிமிஷம் பார்த்து மௌன விரதம் வந்துவிட்டது. உதட்டில் விரலை வைத்தவர், அப்படியே பின்வாசல் வழியாக நழுவினார். தாவணிப் பெண் பின்னாலேயே ஓடினாள்.

சிட்டிபாபு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இவ்ளோ பேர்ல என் பொண்ணுதான் நெஜமாப் படிச்சுது! டீச்சர், இன்னிக்கும் அந்த ஒரு மணி நேரம் உண்டா?"

"உண்டு சார். தேன்தான் கிடையாது."

பள்ளிக்கரணைப் பெரியவர்களே, வீட்டைத் தாராளமாக வாடகைக்கு விடுங்கள். தலையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதற்கு அவ்வப்போது வேலையும் கொடுங்கள்!