தாய்மாமன் தொடையில் கரண்டு

“மாசி, மூன்றாம் ஞாயிறு, காலை 10.40. வலது தொடை. மின்தூண்டல், அளவு நான்கு. இடைவிடாத இருபத்து மூன்றாம் நாள்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். அன்று தங்கை மகளுக்குக் காதுகுத்து என்பதோ, தாய்மாமனாகிய என் மடியில்தான் குழந்தை உட்காரப் போகிறது என்பதோ, இதை எழுதிய மேதைக்குக் குறிப்பிடத்தக்க செய்தியாகப் படவில்லை.

செல்லூர்ச் சந்தில் பைக்கோடு விழுந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்ததில் வலது தொடை முருங்கைக்காயாகியிருந்தது. இரண்டு பட்டைகளைத் தோலில் ஒட்டி, சின்னப் பெட்டியிலிருந்து லேசாக மின்சாரம் விட்டால் தசை தானாகச் சுருங்கி விரியும் என்றார் பிசியோதெரபிஸ்ட். தினமும் இருபது நிமிடம் போதும். ஆனால் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சிதான் முக்கியம் என்றும் சொன்னார். முக்கியமானதை விட்டுவிட்டேன். (நான் படுத்துப் புத்தகம் படிக்க, தொடை மட்டும் உழைப்பது என் சுபாவத்துக்கு அம்புட்டுப் பொருத்தம்.) தசை வளரவில்லை, பதிவேடு வளர்ந்தது.

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில், தங்கை கணவரான மச்சானின் குலதெய்வக் கோயில். நல்ல நேரம் பதினொரு மணிக்குள். என் மெஷின் நேரமும் அதுவே. புத்தியுள்ளவன் மாலைக்குத் தள்ளி வைத்திருப்பான். நானோ நேரம் தவறாதவன். வேட்டிக்குள் பட்டைகளை ஒட்டி, பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தேன்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தையை மடியில் வைத்தார்கள். வலது காது நல்லபடியாக முடிந்தது. வலியில் அலறிய குழந்தை பின்னால் சாய, முழங்கை பெட்டிமேல் அழுந்தியது. நான்கிலிருந்து அளவு எங்கே போனதோ, தொடை குதிரையாகத் துள்ளியது. இடது காதில் ஆசாரியின் ஊசி பாதி இறங்கியிருந்தது.

“அண்ணே, காலை ஆட்டாதீங்க” என்றார் ஆசாரி.

“நான் ஆட்டல. அதுவா ஆடுது.”

கோயிலில் சொல்லக்கூடாத பதில் இது. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி ஓடிவந்து என் நெற்றியில் விபூதியை அப்பி, “வந்துருக்கது யாரு, சொல்லு” என்று அதட்டினார். பற்கள் கிட்டித்துப்போனதால் என்னால் எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்ல முடியவில்லை.

தங்கைதான் வேட்டி மடிப்பில் தொங்கிய வயரைப் பார்த்தாள். பிடுங்கி எறிந்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூசாரியிடம் சொன்னாள்: “சாமி இல்லய்யா. பேட்டரி.”

இப்போது சொந்தத்தில் யார் வீட்டுக் காதுகுத்தென்றாலும், தாய்மாமன் உட்காரும் முன் மச்சான் குரல் கொடுத்துவிடுகிறார்: “மாப்ள, சுவிட்ச ஆப் பண்ணிட்டு உக்காருங்க.”

இடது காதுத் துளை வலதைவிட ஒரு நெல் அளவு மேலே இருப்பதாகத் தங்கை சொல்கிறாள். பிறப்பிலேயே காதுகள் ஏறுமாறு என்கிறார் ஆசாரி. இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்த மருமகளை ஸ்கேலோடு இருமுறை அணுகினேன். இருமுறையும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டாள். ஆகவே, துளை மேலே இருக்கிறதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.